சரக்குக்குப் பின்னே மனிதர்

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தின் வரலாற்றைப் படிப்போர் ஒரு சிறு செய்தியைக் கவனியாது கடந்துவிடுவதுண்டு. அப்பாலத்தின் மேல் முதன்முதலில் சென்றவை சரக்கு வண்டிகளே. 1923ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் சரக்கு இரயில்கள் ஓடத் தொடங்கின. பயணிகள் இரயில் அக்டோபர் முதல் நாள்தான் ஓடிற்று. ஆளுநர் சர் லாரன்ஸ் கில்மார்டும் சுல்தான் இப்ராகிமும் கலந்துகொண்ட திறப்பு விழாவோ 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் நடைபெற்றது. சரக்கு முன்னே, மனிதர் பின்னே, விழா அதற்கும் பின்னே என்பது அன்றைய வரிசை.

மலை மேல் ஏறும் கம்பி வடங்களின் வரலாற்றிலும் இதே வரிசையைக் காணலாம். ஒரு வேறுபாடு உண்டு. கடற்பாலத்தில் சரக்குக்கும் மனிதருக்கும் இடையே இரண்டு வாரமே கழிந்தது. கம்பி வடத்தில் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தது.

ஜொகூரில் பனி பெய்வதில்லை. பனிச்சறுக்கு மலையும் இல்லை. ஆயினும் மேலை நாட்டுப் பனிமலைப் படங்களில், வெண்பனிச் சரிவுக்கு மேலே கம்பியில் வரிசையாகத் தொங்கிச் செல்லும் நாற்காலிகளையும், அவற்றில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருப்போரையும் இங்குள்ள மாணவர் பார்த்திருப்பர். ஆண்டுதோறும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய தொங்கு நாற்காலிகளைக் கழற்றிவிட்டு, விரைவும் இருக்கைகளும் கூடிய புதியவற்றை நிறுவுகின்றனர். செல்வரின் விளையாட்டுக் கருவியாகத் தோன்றும் அந்த நாற்காலியின் முன்னோரைத் தேடிச் சென்றால், தோட்டப்புறத்துக் கூலியின் தோளருகே போய் நிற்க வேண்டியிருக்கும். தோட்டப்புறத்தில் வேர்விட்ட சமூகம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

வடத்தில் பொருள்களைத் தொங்கவிட்டு அனுப்பும் முறை மிகப் பழையது. எனினும் பல தூண்களின் மேல் முடிவின்றிச் சுற்றிவரும் வடம் என்ற அமைப்புக்குப் பெயர் பெற்றவர் ஆதம் வைப் என்னும் டச்சுக்காரர். 1644ஆம் ஆண்டில், இன்று போலந்து நாட்டிலுள்ள கிடான்ஸ்க் நகரில் கோட்டை அரண் கட்டுவதற்கு மண் தேவைப்பட்டது. ஆற்றுக்கு அப்பாலிருந்த குன்றிலிருந்து, வடத்தில் கட்டிய கூடைகளில் மண்ணை அவர் நகர்த்தினார். அன்று வடம் நாரால் திரித்தது. 1834ஆம் ஆண்டில் செருமனியின் கிளவுஸ்தால் சுரங்கத்தில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்னும் அதிகாரி இரும்புக் கம்பிகளை முறுக்கி வடமாக்கினார். நார் வடம் நைந்து அறுந்தது. சுரங்கச் சங்கிலியோ ஒரு கண்ணி உடைந்தாலே பயனற்றுப் போயிற்று. கம்பி வடத்தில் ஓர் இழை அறுந்தாலும் மற்ற இழைகள் சுமையைத் தாங்கின. இக்கருத்து ஒன்றே பின்வந்த வடப் போக்குவரத்து அனைத்துக்கும் அடிப்படை. ஆனால் அப்போதும் வடம் சுமந்தது தாதுவையும் கல்லையும் மரத்தையும்தான்.

தமிழர் வாழ்வோடு கம்பி வடம் கலந்த கதைகளுள் குறிப்பிடத்தக்கது மூணாற்றுக் கதை. கண்ணன் தேவன் மலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தேயிலை பெருகியபோது, ஆங்கிலக் கம்பெனிக்கு எழுந்த முதற் கேள்வி, தேயிலையைக் கீழே இறக்குவது எப்படி என்பது. மலையின் மேற்குப் பக்கம் காடும் ஆறும் மறித்தன. கிழக்கே, செங்குத்தாக இறங்கும் சரிவின் அடியில், தமிழ்நாட்டுப் போடிநாயக்கனூர் இருந்தது. தோட்டங்களுக்குத் தொழிலாளரும் அப்பக்கத்திலிருந்தே வந்தனர். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து புறப்பட்ட குடும்பங்கள் போடியையும் குரங்கணியையும் கடந்து மலையேறின.

1902ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து குண்டலைப் பள்ளத்தாக்கு வழியாக மலை விளிம்பு வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது. வண்டியின் சிறு சக்கரம் தண்டவாளத்திலும், பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையிலும் உருளும், மாடுகள் இழுக்கும். 1908ஆம் ஆண்டில் அதை நீக்கிவிட்டு, 2 அடி அகலமுள்ள இரட்டைத் தண்டவாளப் பாதை அமைத்தனர். அப்பாதை முடியுமிடத்தின் பெயர் இன்றும் ‘டாப் ஸ்டேஷன்’ என்றே வழங்குகிறது. அங்கிருந்து கொட்டகுடி என்னும் மலையடி ஊருக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளத்தில் கம்பி வடம் இறங்கியது. கொட்டகுடிக்கு வெள்ளையர் இட்ட பெயர் ‘பாட்டம் ஸ்டேஷன்’. அங்கு இறங்கிய தேயிலைப் பெட்டிகள் மாட்டு வண்டியில் போடிக்குச் சென்று, அப்பால் துறைமுகம் சேர்ந்து, கப்பலேறி இங்கிலாந்து போயின. போடிக்கு இருப்புப்பாதை வந்ததோ 1928ஆம் ஆண்டில்தான்.

இந்த ஏற்பாட்டைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்திலிருந்து தேயிலைப் பெட்டி ஆடாமல் அசையாமல் வானத்தில் மிதந்து இறங்குகிறது. அந்தத் தேயிலையைக் கிள்ளியவளின் உறவினர், அதே சரிவின் ஒற்றையடிப் பாதையில், தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாகக் கால்நடையாய் ஏறுகின்றனர். பெட்டியின் வழி மேலே. மனிதரின் வழி கீழே. வடத்தை அமைத்தவர்களுக்கு இதில் முரண் எதுவும் தோன்றியிராது. பெட்டி தாமதமாகப் போனால் இலண்டன் ஏலத்தில் நட்டம். கூலி தாமதமாக வந்தால் அவனுக்கு ஒரு நாட்கூலி நட்டம். கணக்கு நேரானது, நெஞ்சு மட்டும் அதில் இல்லை.

இலங்கையின் மலைநாட்டிலும் இதே கணக்கு நிலவியது. கொய்த கொழுந்தை மூட்டையாகக் கட்டிக் கம்பியில் கொளுவி, மேற்சரிவிலிருந்து தொழிற்சாலைக்கு வழுக்கிவிடும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு அத்தகைய கம்பியும் வாய்க்கவில்லை. பால் நிறைந்த வாளிகள் இரண்டைக் காண்டாக் கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தனர் பால்மரத் தொழிலாளர். அங்கே தோள்தான் தூண், கம்புதான் வடம்.

மூணாற்றில் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் ஐரோப்பாவில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. ஆல்ப்ஸ் மலையின் தென்பகுதியில், இன்று இத்தாலிக்குரிய போல்சானோ நகரத்தருகே, யோசப் ஸ்டாஃப்லர் என்னும் விடுதிக்காரர் மலைமேல் ஒரு விடுதி வைத்திருந்தார். விருந்தினர் மலையேறி வரத் தயங்கினர். சரக்கு வடத்தைக் கண்ட அவர், அதிலேயே ஆளை ஏற்றினால் என்ன என்று எண்ணினார். 1908ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவருடைய கம்பிவட ஊர்தி பொதுமக்களை ஏற்றிச் சென்றது. அதே ஆண்டில்தான் குண்டலையில் புதிய தண்டவாளம் போடப்பட்டது என்பதை மேலே கண்டோம். நீலகிரி மலை இரயில் குன்னூரிலிருந்து உதகைக்கு நீண்டதும் அதே 1908தான். ஓரிடத்தில் மனிதரை வடத்தில் ஏற்றத் துணிந்தனர். மற்றோரிடத்தில் சரக்குக்கு மேலும் நல்ல வழி செய்தனர். தொழில்நுட்பம் ஒன்றாயினும் அது யாருக்குப் பயன்படும் என்பதை அந்தந்த மண்ணின் அதிகாரமே முடிவு செய்தது.

பிறகு வந்தது 1924ஆம் ஆண்டு. மலாயாத் தமிழரும் மலையாள மலைத் தமிழரும் சேர்த்து நினைக்கத்தக்க ஆண்டு அது. சனவரி முதல் நாள் பினாங்கு கொடிமலை இரயில் அதிகார முறையில் திறக்கப்பட்டது. ஜூன் மாதம் ஜொகூர் கடற்பாலத்தின் விழா. பினாங்கில் விழாக் கண்ட கில்மார்டே இங்கும் வந்தார். ஜூலை மாதம் கேரளம் முழுவதையும் பெருவெள்ளம் சூழ்ந்தது. கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் அதனைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றே அங்குள்ளோர் இன்றும் சொல்வர். அவ்வெள்ளத்தில் குண்டலைப் பள்ளத்தாக்கு இரயில் அடியோடு அழிந்தது. மறுபடி அது போடப்படவில்லை. பதினாறு ஆண்டே வாழ்ந்த இரயில் அது. மூணாற்றில் இரயில் நிலையமாக இருந்த கட்டடம் பிற்காலத்தில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. டாப் ஸ்டேஷனில் வட நிலையத்தின் இடிபாடுகள் எஞ்சின.

பினாங்குக் கொடிமலையில் இரயில் வருமுன் துரைமார் எப்படி ஏறினர் என்பதும் இங்குத் தெரிய வேண்டியதே. குதிரை ஏறியோர் சிலர். ஏனையோர் டோலியில் ஏறினர். மூங்கிற் கழிகளுக்கிடையே கட்டிய நாற்காலி அது. கூலிகள் பலர் தோள் கொடுத்து அதைத் தூக்கிச் செல்வர். பின்னாளில் பனிமலைக்கு வந்த தொங்கு நாற்காலியை, ஆள் நீங்கிக் கம்பி வந்த டோலி என்றே சொல்லிவிடலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில் அமைக்க நடந்த முதல் முயற்சி தோற்றது. இரண்டாம் முயற்சியே 1924இல் வென்றது. கம்பி வடத்தின் இரு முனையிலும் இரண்டு பெட்டிகள்; ஒன்று இறங்கும் எடை மற்றொன்றை ஏற்றத் துணை செய்யும். பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். முழுப் பயணத்திற்கும் அரைமணி நேரம் ஆகும். 1977ஆம் ஆண்டில் பெட்டிகள் மாற்றப்பட்டன. 2010ஆம் ஆண்டில் பழைய அமைப்பே முழுவதும் நிறுத்தப்பட்டு, 2011ஆம் ஆண்டில் அடியிலிருந்து உச்சி வரை இடையில் மாறாமல் பத்து நிமிடத்திற்குள் ஏறும் புதிய வண்டி வந்தது. விரைவு வந்ததில் மகிழ்ந்தோர் பலர். நடு நிலையத்தில் இறங்கி, குளிர்ந்த காற்றை வாங்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குக் காத்திருந்த பழைய தலைமுறைக்கு அது இழப்பே.

இனித் தொங்கு நாற்காலிக்கு வருவோம். அதன் பிறப்பைக் கேட்போர் வியப்படைவர். 1930களில் அமெரிக்காவின் யூனியன் பசிபிக் இரயில் கம்பெனியின் தலைவராயிருந்த அவெரல் ஹாரிமன், குளிர்காலத்தில் தம் இரயில்களுக்குப் பயணிகள் வேண்டுமெனக் கருதி, ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்னும் பனிச்சறுக்கு ஊரை உருவாக்கினார். அக்காலத்தில் சறுக்கி இறங்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் நடந்து ஏற வேண்டியிருந்தது. சில இடங்களில் வடத்தைக் கையால் பற்றிக்கொண்டு இழுபட்டு ஏறினர். இதைவிட எளிய வழி காணும் பொறுப்பு கம்பெனியின் பொறியாளரிடம் வந்தது. அவர்களுடைய அலுவலகம் இருந்ததோ நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாகா நகரம், சுற்றிலும் சமவெளி.

அவர்களுள் ஜேம்ஸ் கர்ரன் என்பார் முன்பு வேறொரு வேலை பார்த்தவர். வெப்ப நாட்டுத் துறைமுகங்களில் வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றும் கம்பிவட அமைப்பை உருவாக்குவதில் அவருக்குப் பங்கு இருந்தது. தொடர்ந்து ஓடும் வடத்தில் கொக்கிகள் தொங்கும். கொக்கிக்கு ஒரு தார் மாட்டுவர். தார் அடிபடாமல் கப்பலுக்குள் போய்ச் சேரும். அந்தக் கொக்கியை எடுத்துவிட்டு நாற்காலியை வைத்தால் என்ன என்பதே அவர் கேட்ட கேள்வி. உடனிருந்தோர் இது ஆபத்து என்றனர். ஆயினும் சோதித்துப் பார்த்தனர். ஒரு சிறு லாரியின் பக்கத்தில் நாற்காலியைக் கட்டி, காலில் உருளைச் சக்கரம் பூட்டிய ஒருவரை நிற்கவைத்து, லாரியைப் பின்னாலிருந்து ஓட்டி வந்து அவரை அள்ளி ஏற்றினர். பனி இல்லாத ஒமாகாவின் கோடையில் பனிச்சறுக்குக்காரருக்குப் பதிலாக உருளைச் சக்கரம்! எவ்வளவு விரைவில் வந்தால் ஆள் தடுமாறாமல் அமரமுடியும் என்பதை இப்படித்தான் கண்டனர். மணிக்கு 4 முதல் 5 மைல் என்று முடிவாயிற்று. 1936ஆம் ஆண்டின் இறுதியில் சன் வேலியின் புரோக்டர், டாலர் ஆகிய குன்றுகளில் உலகின் முதல் தொங்கு நாற்காலிகள் ஓடின.

ஆகவே பனிமலையின் அந்த நாற்காலிக்குத் தாய்வீடு வெப்ப நாட்டு வாழைத் தோட்டம். தார் வெட்டியவனின் தோள்சுமையை இறக்க வந்த கொக்கியே, பின்பு செல்வரைத் தாங்கும் இருக்கையாயிற்று. தார் வெட்டியவன் அதில் ஏறியதாக வரலாறு எதுவும் கூறவில்லை.

அதன்பின் நடந்த திருத்தங்கள் எல்லாம் ஒரே சிக்கலைச் சுற்றியவை. சரக்கு வடத்தில் கூடை எங்கும் நிற்க வேண்டியதில்லை, ஓடும்போதே கொட்டிவிடலாம். மனிதன் ஏறவும் இறங்கவும் வேண்டும். நாற்காலியை வடத்தோடு நிலையாகப் பிணைத்துவிட்டால், ஏறுபவருக்காக விரைவைக் குறைக்க வேண்டும்; குறைத்தால் வடம் முழுவதும் மெதுவாகும். மலையுச்சிக்குப் போவோர் குளிர் காற்றில் நெடுநேரம் தொங்கவேண்டும். இதற்குக் கண்ட வழி, வடத்தைப் பற்றியிருக்கும் பிடியை நிலையத்தில் கழன்றுகொள்ளச் செய்வது. நிலையத்துக்குள் நுழைந்ததும் பிடி திறக்கும். நாற்காலி வடத்தைவிட்டுத் தனித் தண்டவாளத்தில் மெல்ல நகரும். ஆள் நிதானமாக அமர்வார். பிறகு சக்கரங்கள் நாற்காலியை உந்தி வடத்தின் விரைவுக்குக் கொண்டுவந்ததும் பிடி மீண்டும் கவ்வும். வெளியே நொடிக்கு 5 மீட்டர், உள்ளே நடை வேகம். இம்முறையில் நால்வர் அமரும் விரைவு நாற்காலி 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து பிரெக்கன்ரிட்ஜ் மலையில் முதலில் ஓடியது. பின்னர் அறுவர் இருக்கையும், 1997ஆம் ஆண்டில் நார்வே நாட்டில் எண்மர் இருக்கையும் வந்தன. காற்றைத் தடுக்கும் கண்ணாடிக் கூண்டும், இருக்கையைச் சூடாக்கும் ஏற்பாடும் இன்று உண்டு. பெரிய மலைகள் கழித்த பழைய நாற்காலிகளைச் சிறிய மலைகள் விலைக்கு வாங்குவதும் வழக்கம்.

இந்தியாவில் தொங்கு நாற்காலி பனிமலைக்கு வருமுன்பே புத்தர் மலைக்கு வந்தது. பீகாரின் இராசகிருகத்தில், உலக அமைதித் தூபி நிற்கும் குன்றுக்கு, 1960களில் சப்பானியர் துணையோடு ஒற்றை நாற்காலி வடம் அமைந்தது. ஒருவர் மட்டுமே அமரலாம். முதியோரும் குழந்தையோடு வருவோரும் அஞ்சினர். 2021ஆம் ஆண்டில் எண்மர் அமரும் மூடிய கூண்டு வடம் பக்கத்திலேயே திறக்கப்பட்டது. டார்ஜிலிங்கில் தேயிலைத் தோட்டங்களின் மேல் செல்லும் பயணிகள் வடம் 1968ஆம் ஆண்டில் தொடங்கியது. 2003ஆம் ஆண்டு விபத்தில் நால்வர் இறந்தபின் நெடுங்காலம் மூடிக் கிடந்து, 2012இல் மீண்டும் ஓடியது. பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற காசுமீரத்துக் குல்மார்க்கின் கூண்டு வடம் 1998ஆம் ஆண்டில் முதற்கட்டமாகவும், 2005ஆம் ஆண்டில் அபர்வத் மலைத்தோள் வரையும் ஏறிற்று.

தமிழருக்கு நெருக்கமானது பழனி. மலேசியத் தமிழருள் இந்தியப் பயணம் மேற்கொள்வோர் பழனியைத் தவிர்ப்பது அரிது. அடிவாரத்தில் வந்து நின்று, ஏறக்குறைய 690 படிகளை அண்ணாந்து பார்க்கும் முதியவரின் நிலை சொல்லித் தெரிய வேண்டியதன்று. யானைப் பாதை சற்று எளிது. ஆனால் முழங்கால் வலிக்கு அதுவும் மலையே. 1966ஆம் ஆண்டில் ‘வின்ச்’ என்று மக்கள் அழைக்கும் இழுவை இரயில் தொடங்கப்பட்டது. தண்டவாளத்தில் நிற்கும் பெட்டியை மேலிருந்து கம்பி வடம் இழுக்கிறது. பினாங்குக் கொடிமலை இரயிலுக்கு இது தம்பி முறை. கூட்டம் பெருகவே மேலும் இரண்டு இழுவைகள் பின்னர்ச் சேர்ந்தன. 2004ஆம் ஆண்டு நவம்பரில் ‘ரோப் கார்’ வந்தது. இது தண்டவாளம் இல்லாமல் வானில் தொங்கிச் செல்வது. எனவே கொட்டகுடி வடத்தின் வழித்தோன்றல்.

பழனிக்கு இழுவை இரயில் வந்தபோது எழக்கூடிய கேள்வி எளிதில் ஊகிக்கத்தக்கது. காவடி சுமந்து கால் நோக ஏறுவதல்லவா தவம்? இயந்திரத்தில் ஏறினால் அதற்குப் பயன் உண்டா? இக்கேள்வியைக் கேட்போர் பெரும்பாலும் கால் நன்றாக உள்ளோராகவே இருப்பர். படிகள் இன்றும் அங்கேயே இருக்கின்றன. காவடி எடுப்போர் இன்றும் படிகளிலேயே ஏறுகின்றனர். வடம் அவர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. மாறாக, மலையடியில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டுத் திரும்பவேண்டிய பாட்டிக்கு அது முருகன் முகத்தைக் காட்டியது. பனிமலை வடம், கீழே சறுக்குவதற்காக மேலே ஏற்றுகிறது. பழனி வடம், மேலே இருப்பவனைக் காண்பதற்காக ஏற்றுகிறது. ஒரே கருவிக்கு இரண்டு நாடு இரண்டு வேலை கொடுத்தது. இவற்றுள் உயர்ந்தது எது என்று கேட்டால், தமிழாசிரியர் எவரும் விடைக்குத் தடுமாறார்.

ஆனால் இறைவனின் மலையிலும் எந்திரம் எந்திரமே. 2007ஆம் ஆண்டு ஆகஸ்டில் பழனி ரோப் கார் விபத்துக்குள்ளாகி நால்வர் உயிரிழந்தனர். சேவை பல மாதம் நின்றது. இப்போது மாதத்தில் ஒரு நாளும், ஆண்டில் ஏறக்குறைய ஒரு மாதமும் பராமரிப்புக்காக அதை நிறுத்துகின்றனர். அந்நாள்களில் வந்து ஏமாந்து போவோர் முணுமுணுப்பதுண்டு. தேயிலைப் பெட்டி விழுந்தால் பள்ளத்தாக்கில் தேடி எடுக்கலாம். இல்லையேல் கணக்கில் எழுதித் தள்ளலாம். வடத்தில் மனிதன் ஏறியபின் அந்தச் சலுகை இல்லை. நிறுத்தி வைக்கும் அந்த ஒரு மாதம், சரக்கு வடம் மனித வடமாக மாறியதற்குச் செலுத்தும் வரி.

இவ்வுண்மையை ஜொகூர் பாருவுக்கு மிக அருகிலேயே காலம் கற்பித்திருக்கிறது. சிங்கப்பூரின் ஃபேபர் மலையிலிருந்து துறைமுகத்தைக் கடந்து செந்தோசாத் தீவுக்குச் செல்லும் கம்பிவட ஊர்தியை 1974ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் டாக்டர் கோ கெங் சுவீ திறந்து வைத்தார். கப்பல்கள் கீழே செல்ல, கூண்டுகள் மேலே சென்றன. கடற்பாலம் கடந்து போய் அதில் ஏறி வருவது ஜொகூர்க் குடும்பங்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் எட்டும் தொலைவில் இருந்த புதுமை.

1983ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் மாலை, எனிவெடோக் என்னும் எண்ணெய்த் துளைப்புக் கப்பல் துறையை விட்டு நகர்ந்தபோது, அதன் உயர்ந்த கோபுரச் சட்டம் மேலே சென்ற வடத்தில் சிக்கியது. வடம் இழுபட்டு அதிர்ந்தது. இரண்டு கூண்டுகள் கடலில் விழுந்தன. எழுவர் மாண்டனர். மற்ற நான்கு கூண்டுகளில் பதின்மூவர் கடலுக்கு மேலே தொங்கினர். காற்று வீசும் இருளில், ஹெலிகாப்டர்களிலிருந்து கயிற்றில் இறங்கிய வீரர்கள் அவர்களை ஒவ்வொருவராக எடுத்தனர். வேலை நள்ளிரவு தாண்டியும் நடந்தது. அப்பணியை வழிநடத்தியவர், அன்று படையில் கர்னலாக இருந்து பின்னாளில் பிரதமரான லீ சியன் லூங். விசாரணைக்குப் பின், உயர்ந்த கலங்கள் வடத்தின் அருகே வராதபடி துறைமுகத்தில் கடுமையான விதிகள் வகுக்கப்பட்டன.

வடத்தின் பழுதால் நேர்ந்த விபத்தன்று இது என்பதையும் கவனிக்க வேண்டும். கப்பலின் உயரத்தையும் வடத்தின் உயரத்தையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டுப் பார்க்கும் மிக எளிய வேலைதான் அன்று நடைபெறாமற் போயிற்று. எழுவர் உயிருக்குப் பின்னர் வந்த விதி அது. பின்னர் 2010ஆம் ஆண்டில் அவ்வூர்தி முழுவதும் புதுப்பிக்கப்பட்டு எண்மர் அமரும் கூண்டுகளோடு மீண்டும் திறக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டில் தீவுக்குள்ளேயே மற்றொரு வழி சேர்ந்தது. இன்று அதில் செல்வோருள் 1983ஐ அறிந்தோர் சிலரே.

மலேசியாவில் கெந்திங் மலைக்கு 1997ஆம் ஆண்டில் வந்த வடம் ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் நீளமானது. 2016ஆம் ஆண்டில் அவானா வழியில் மற்றொரு புதிய வடம் வந்தது. இடையில் சின் சுவீ கோயில் நிலையத்தில் இறங்கிச் செல்லலாம் என்பது அதன் சிறப்பு. பிறிதொன்றும் விரித்துரைக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டு இரண்டு கோயில் மலைகளுக்குப் புதிய வடங்கள் வந்தன. முதலாவது சோளிங்கர். யோக நரசிம்மர் வீற்றிருக்கும் அம்மலைக்கு 1,305 படிகள். பழனியின் படிகளைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. மற்றொன்று கரூர் மாவட்டத்து அய்யர்மலை. இரத்தினகிரீசுவரரைக் காண 1,017 படி ஏற வேண்டும். அய்யர்மலைக்கு ஒரு தொன்மரபு உண்டு. இறைவனின் திருமஞ்சனத்துக்குரிய நீரைச் சில கல் தொலைவிலுள்ள காவிரியிலிருந்து முகந்து, குடத்தைத் தோளில் வைத்துக் கால்நடையாகவே மலைமேல் கொண்டு சேர்ப்பர். கொட்டகுடியில் பெட்டி வடத்திலும் ஆள் பாதையிலும் சென்ற வரிசை அங்கே தலைகீழாகிறது. ஆள் வடத்தில் ஏறலாம். நீருக்கு உரியது தோள்.